கோழி நொண்டினால் என்ன செய்வது?

எல்லைப்புறத்து வீட்டுக் கோழி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் முதலிய ஊர்கள் உள்ளன. இடுக்கி மாவட்டத்தில் மூணாறு, தேவிகுளம், மறையூர், குமுளி முதலிய ஊர்கள் உள்ளன. இவை கேரளத்து ஊர்கள். ஆனால் இங்கே தமிழ் பேசும் மக்கள் பலர் வாழ்கிறார்கள். சிலருக்கு வயல் வேலை. சிலருக்குத் தென்னந்தோப்பில் வேலை. சிலருக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை.

இந்த ஊர்களில் பல வீடுகளின் பின்புறம் நாலைந்து கோழிகள் மேயும். நாட்டுக்கோழிக்குச் செலவு குறைவு. புழு, பூச்சி, சிந்திய தானியம், மிஞ்சிய சோறு ஆகியவற்றைத் தின்று வளரும். ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை வரை இடும். அடை வைத்தால் 21 நாளில் குஞ்சு பொரிக்கும்.

முட்டை விற்ற காசு பெரும்பாலும் பெண்களின் கையில் இருக்கும். பிள்ளைக்கு நோட்டு வாங்கவும், பஸ்ஸுக்கும், உப்பு புளிக்கும் அந்தக் காசு உதவும். யாரிடமும் கேட்காமல் எடுத்துச் செலவு செய்யக்கூடிய காசு அது. அதனால் ஒரு கோழி நொண்டினாலும் வீட்டில் கவலை வந்து விடுகிறது.

அக்கம்பக்கத்தில் மூன்று விதமாக யோசனை சொல்வார்கள்.

"அறுத்துக் குழம்பு வை."

"சந்தையில் தள்ளி விடு."

"காலில் மண்ணெண்ணெய் தடவு."

இந்த மூன்றும் கோழியின் காலைப் பார்க்காமல் சொல்லும் யோசனைகள். முதலில் காலைப் பார்க்க வேண்டும்.

கோழி நொண்டுவதற்குக் காரணம் பல. அவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, காலில் உள்ள கோளாறு. அடி, முள், சுளுக்கு, புண் ஆகியவை இந்த வகை. மற்றொன்று, உடம்பு முழுவதும் பரவிய நோய். அந்த நோயில் காலும் விழுந்து விடுகிறது.

அடிபட்ட கோழியை வீட்டில் வைத்துப் பார்க்கலாம். அந்த அடி மற்றக் கோழிக்குப் போகாது. தொற்று நோய் அப்படி இருக்காது. ஒரு கோழியில் தொடங்கி எல்லாக் கோழிக்கும் போகும். பக்கத்து வீட்டுக்கும் போகும். ஆகவே, இது காயமா, நோயா என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

கோழியின் கால்

கோழியின் காலில் பின்பக்கமாக மடங்கும் ஒரு மூட்டு தெரியும். அதைப் பலரும் முழங்கால் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது குதிகால் மூட்டு. கோழியின் முழங்கால் அதற்கும் மேலே இறகுக்குள் மறைந்து இருக்கிறது. கோழி குதிகாலைத் தரையில் ஊன்றுவது இல்லை. விரல்களால்தான் நடக்கிறது. பெரும்பாலான கோழிகளுக்கு ஒரு காலில் 4 விரல்கள். மூன்று முன்னே இருக்கும். ஒன்று பின்னே இருக்கும். விரல்கள் சேரும் இடத்தில் மெத்தை போன்ற உள்ளங்கால் இருக்கிறது. உடம்பின் பாரம் எல்லாம் அங்கேதான் விழுகிறது. அதனால் அங்கே ஒரு சிறு முள் குத்தினாலும் கோழி நொண்டும்.

பல நாட்டுக்கோழிகளுக்குக் கால் மஞ்சளாக இருக்கும். இதற்கும் நம் மலைகளுக்கும் தொடர்பு உண்டு. சின்னாறு காட்டிலும் பரம்பிக்குளம் காட்டிலும் சாம்பல் நிறக் காட்டுக்கோழி வாழ்கிறது. வீட்டுக் கோழியின் முக்கிய மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் மஞ்சள் தோலுக்கான கூறு சாம்பல் காட்டுக்கோழியிடம் இருந்து வந்தது என்று 2008இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள்.

எப்படிப் பிடித்துப் பார்ப்பது?

பகலில் துரத்திப் பிடிக்கக் கூடாது. ஓடினால் கால் இன்னும் கெடும். மாலையில் கோழி அடைந்த பிறகு மெதுவாக எடுக்க வேண்டும். இரண்டு சிறகையும் உடம்போடு சேர்த்துப் பிடித்து ஒரு துணியால் சுற்ற வேண்டும். கண்ணை லேசாக மூடினால் கோழி அமைதியாகி விடும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்க விடக் கூடாது. சந்தைக்குக் கொண்டு போகும் கோழிகளின் கால்கள் பல நேரம் இப்படித்தான் கெடுகின்றன.

பிடிக்கும் முன்பு தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். எந்தக் கால் நொண்டுகிறது? காலை ஊன்றுகிறதா, தூக்கியே வைத்திருக்கிறதா? தீனி தின்கிறதா?

பிடித்த பிறகு வரிசையாகப் பார்க்க வேண்டும்.

1. உள்ளங்காலைப் பாருங்கள். முள், கண்ணாடித் துண்டு, கருப்புப் பொருக்கு, வீக்கம் இருக்கிறதா?

2. விரல் இடுக்கைப் பாருங்கள். நூல் ஏதாவது சுற்றி இருக்கிறதா? நகம் பிய்ந்து இருக்கிறதா?

3. மூட்டைத் தொட்டுப் பாருங்கள். வீங்கி இருக்கிறதா? கோழியின் உடம்புச் சூடு ஏறக்குறைய 41 டிகிரி. அதனால் வெறுமனே தொட்டால் எப்போதும் சூடாகவே தெரியும். இரண்டு காலையும் மாறி மாறித் தொடுங்கள். ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால் அங்கே கோளாறு உண்டு.

4. எலும்பை மெதுவாகத் தடவுங்கள். வளைவு, உடைவு தெரிகிறதா?

5. காலின் செதிலைப் பாருங்கள். வழவழப்பாக இருக்கிறதா? தூக்கிக் கொண்டு சொரசொரப்பாக இருக்கிறதா?

6. கடைசியாக உடம்பு முழுவதையும் பாருங்கள். கொண்டை நிறம் மாறி இருக்கிறதா? கழுத்து திருகி இருக்கிறதா? சிறகு தொங்குகிறதா? எச்சம் பச்சையாகவோ வெள்ளைத் தண்ணீராகவோ போகிறதா? மூச்சு விடச் சிரமப்படுகிறதா?

முதல் ஐந்தில் கோளாறு இருந்து, ஆறாவது நன்றாக இருந்தால், பெரும்பாலும் அது காலோடு நிற்கும் கோளாறு. ஆறாவதில் மாற்றம் இருந்தால் நோயாக இருக்கலாம்.

ஒரு நூல் செய்த வேலை

மூணாறு பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். லயத்தில் ஒரு பெண்ணின் கோழி மூன்று நாளாக நொண்டியது. முட்டை இடும் கோழி அது. அவள் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் போனாள்.

"ஆத்தா, கோழி நொண்டுது. அறுத்திரலாம்னு அவரு சொல்றாரு."

"காலப் பாத்தியா தாயி?"

"இல்ல ஆத்தா."

"பாக்காமலே அறுப்பாகளா? எடுத்துட்டு வா."

பாட்டி கோழியை மடியில் வைத்து விரலை விரித்தார். நடு விரல் வீங்கி நீலமாக இருந்தது. அடியில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. சாக்குத் தைக்கும் நைலான் நூல் அது. விரலைச் சுற்றி இறுகி இருந்தது. தோலுக்குள் புதைந்து இருந்தது.

பாட்டி வெதுவெதுப்பான உப்பு நீரில் காலைப் பத்து நிமிடம் ஊற வைத்தார். தோல் இளகியது. சிறு கத்தரிக்கோலால் நூலை வெட்டினார். இழுக்காமல் துண்டு துண்டாக எடுத்தார். புண்ணைக் கழுவி மருந்து தடவினார்.

"இன்னும் நாலு நாள் விட்டிருந்தா விரலு அழுகி விழுந்திருக்கும்," என்றார் பாட்டி.

ஒரு வாரம் சென்றது. கோழி மறுபடி காலை ஊன்றி மேய்ந்தது. அந்தப் பெண் வாசலில் கிடந்த நூல், தலைமுடி, பிளாஸ்டிக் கயிறு எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தாள். கோழிக்குக் கால் கட்டு போடுவது பெரும்பாலும் நாம் எறியும் குப்பைதான்.

உள்ளங்கால் புண்

முள் குத்திய இடத்தில் கிருமி நுழையும். உள்ளங்கால் வீங்கும். நடுவில் கருப்புப் பொருக்கு விழும். உள்ளே சீழ் கெட்டியாக இருக்கும். கோழிச் சீழ் மனிதச் சீழ் போல ஒழுகாது. பாலாடைக் கட்டி போல இறுகி விடும். அதனால் பிதுக்கினால் வராது. பிதுக்கினால் கிருமி உள்ளே பரவும்.

செய்ய வேண்டியது இது.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு தேக்கரண்டி உப்புப் போடுங்கள். காலைப் பத்து நிமிடம் ஊற வையுங்கள். காலையும் மாலையும் செய்யுங்கள். சுத்தத் துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். மருந்துக் கடையில் பொவிடோன் அயோடின் என்ற பழுப்பு நிற மருந்து கிடைக்கும். அதைத் தடவுங்கள். சுத்தமான துணியை மடித்து உள்ளங்காலில் வைத்துக் கட்டுங்கள். கட்டு இறுக்கமாக இருக்கக் கூடாது. தினமும் கட்டை மாற்றுங்கள்.

பலர் மஞ்சள் அரைத்துப் பூசுவார்கள். புண்ணைக் கழுவாமல் எதைப் பூசினாலும் அழுக்கு உள்ளேயே தங்கி விடும். கழுவுவதுதான் முதல் மருந்து.

மூன்று நான்கு நாளில் வீக்கம் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர் கீறிச் சீழை எடுப்பார். வீட்டில் பிளேடால் கீறக் கூடாது. இந்தக் காலைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இந்தக் கிருமி மனிதருக்கும் புண் உண்டாக்கும்.

இந்தப் புண் ஏன் வருகிறது? கோழி உயரமான இடத்தில் இருந்து கல் தரையில் குதித்தால் வரும். ஈரத் தரையில் நின்றாலும் வரும். சிற்றூர் வட்டாரத்தின் கிழக்கே சில இடங்களில் கரிசல் மண் உண்டு. மழைக் காலத்தில் அது காலில் அப்பிக் காய்ந்து கட்டியாகும். மூணாறு பக்கம் மழைக் காலத்தில் தரை காய்வதே இல்லை. ஆகவே கூட்டுக்குள் உலர்ந்த வைக்கோல் அல்லது மரத்தூள் போட வேண்டும். நனைந்ததை மாற்ற வேண்டும். கோழி அடையும் கம்பு வழவழப்பாக, ஒன்றரை அடிக்கு மேல் உயரம் இல்லாமல் இருந்தால் நல்லது.

சுளுக்கும் எலும்பு முறிவும்

நாய் துரத்தினாலும், கதவிடுக்கில் சிக்கினாலும் சுளுக்கு வரும். மூட்டு சற்று வீங்கும். எலும்பு நேராக இருக்கும். இதற்கு ஓய்வுதான் மருந்து. சிறிய இடத்தில் ஒரு வாரம் அடைத்து வைத்தால் போதும். உருவி விடக் கூடாது. இழுத்துச் சரி செய்யவும் கூடாது.

எலும்பு முறிந்தால் கால் தொங்கும். வேறு பக்கம் திரும்பும். குதிகால் மூட்டுக்குக் கீழே முறிந்து இருந்தால் கட்டுப் போட முடியும். பஞ்சு சுற்றி, மேலே மெல்லிய மூங்கில் சிம்புகளை வைத்துத் துணியால் கட்டலாம். இது மருத்துவரிடம் போகும் வரை செய்யும் முதல் உதவி. கட்டிய பிறகு விரல்களைத் தொட்டுப் பாருங்கள். விரல் குளிர்ந்தாலோ வீங்கினாலோ கட்டு இறுக்கம் என்று அர்த்தம். உடனே தளர்த்துங்கள். நன்றாகக் கட்டினால் எலும்பு சுமார் மூன்று வாரத்தில் கூடும்.

தொடைப் பக்கம் முறிந்து இருந்தால் வீட்டில் கட்ட வேண்டாம். ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து அசையாமல் மருத்துவரிடம் கொண்டு போங்கள். எலும்பு வெளியே தெரிந்தால் அன்றே போக வேண்டும்.

செதில் தூக்கிய கால்

சில கோழிகளின் காலில் செதில் தூக்கிக் கொண்டு நிற்கும். சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக, தடிப்பாக இருக்கும். இது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பூச்சியால் வருகிறது. பூச்சி செதிலுக்கு அடியில் வாழ்கிறது. அரிப்பு உண்டாகும். நாளானால் கோழி நொண்டும்.

வெதுவெதுப்பான சோப்பு நீரில் காலை ஊற வையுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். செதிலைப் பிய்க்க வேண்டாம். துடைத்து விட்டுத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடிப்பாகத் தடவுங்கள். பூச்சி மூச்சு விட முடியாமல் சாகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை மூன்று வாரம் செய்யுங்கள். இந்தப் பூச்சி மற்றக் கோழிக்கும் ஏறும். எல்லாக் கோழியின் காலையும் பாருங்கள். கம்பையும் கூட்டையும் சுத்தம் செய்யுங்கள்.

சத்துக் குறைவு

ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கோழி அதைத் தீனியில் இருந்து எடுக்கும். தீனியில் போதாவிட்டால் தன் எலும்பில் இருந்து எடுக்கும். முட்டை மெலிந்த ஓட்டுடன் வரும். பிறகு கால் தள்ளாடும்.

கிளிஞ்சலைப் பொடித்துத் தனிச் சிரட்டையில் வைத்தால் கோழி தேவைக்குத் தின்னும். முட்டை ஓட்டையும் வறுத்துத் தூளாக்கி வைக்கலாம். ஓடு அடையாளம் தெரியாமல் தூளாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோழி தன் முட்டையையே கொத்தப் பழகி விடும்.

சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேர வெயில் வேண்டும். மழைக் காலத்தில் குஞ்சுகளைக் கூட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் கால் வளையும். வெயில் அடிக்கும் நேரத்தில் சற்று வெளியே விட வேண்டும். குஞ்சின் விரல்கள் உள்ளே சுருண்டால் வைட்டமின் பி குறைவாக இருக்கலாம். கீரையும் மோரும் கொடுக்கலாம்.

ஓய்வுக் கூடை

காயம் பட்ட கோழிக்குத் தனி இடம் வேண்டும். பெரிய கூடையோ பஞ்சாரமோ போதும். அடியில் உலர்ந்த வைக்கோல் போடுங்கள். தீனியும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். நொண்டும் கோழி பல நேரம் காலால் சாவது இல்லை. தண்ணீரிடம் போக முடியாமல் சாகிறது. உடம்பின் ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் மாற்றிப் படுக்க வையுங்கள். எச்சத்தை தினமும் எடுங்கள்.

காயம் மட்டும் என்றால் கூடையை மற்றக் கோழிகள் பார்க்கும் இடத்தில் வையுங்கள். கோழிக் கூட்டத்தில் பெரியது, சிறியது என்ற வரிசை உண்டு. யார் யாரைக் கொத்தலாம் என்பது அந்த வரிசைப்படிதான். நார்வே நாட்டு ஆய்வாளர் ஒருவர் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதை எழுதி வைத்தார். பல நாள் கண்ணில் படாத கோழி திரும்பி வந்தால் மற்றவை அன்னியன் என்று கொத்தும். கண் எதிரே இருந்தால் இந்தத் தொல்லை குறையும்.

நோய் என்று சந்தேகம் வந்தால் கூடையைத் தூரத்தில் வைக்க வேண்டும். நல்ல கோழிகளுக்கு முதலில் தீனி வையுங்கள். நோய்க் கோழிக்குக் கடைசியில் வையுங்கள். பிறகு கை கால் கழுவுங்கள்.

நோய் என்றால்

கொழிஞ்சாம்பாறை பக்கத்தில் ஒரு பெண். சைக்கிளில் வந்த வியாபாரியிடம் எட்டுக் குஞ்சு வாங்கி வளர்த்தார். நான்கு மாதம் ஆயிற்று. இரண்டு கோழி நடக்க முடியாமல் படுத்தன. அவர் மிருகாசுபத்திரிக்குப் போனார். கோழியை எடுத்துப் போகவில்லை. ஒரு நோட்டை எடுத்துப் போனார்.

"கோழி எங்கேம்மா?" என்று மருத்துவர் கேட்டார்.

"தொத்து நோயா இருந்தா பஸ்ஸுல கொண்டு வரக் கூடாதுன்னு படிச்சனுங்க. அதனால எழுதிட்டு வந்தனுங்க."

"படிங்க பார்ப்போம்."

அவர் விரலை வைத்துப் படித்தார். "திங்கக்கெழமை ஒண்ணு நொண்டுச்சு. வியாழக்கெழமை ஒரு காலு முன்னாடியும் ஒரு காலு பின்னாடியும் நீட்டிப் படுத்துருச்சு. காலுல காயமில்ல. தீனி திங்குது. சனிக்கெழமை இன்னொண்ணும் அதே மாதிரி."

மருத்துவர் தலையசைத்தார். "மாரெக் நோய் மாதிரி தெரியுது. நான் வந்து பார்க்கிறேன். குஞ்சுக்கு முதல் நாள் ஊசி போட்டாங்களா?"

"தெரியாதுங்க சார். கேக்காம வாங்கிட்டனுங்க."

"இந்த நோய்க்கு மருந்து இல்லைம்மா. பொரிச்ச அன்னைக்கே தடுப்பூசி போடணும். இனிமே கேட்டு வாங்குங்க."

"மத்த ஆறும் போயிருமுங்களா?"

"எல்லாம் போகும்னு சொல்ல முடியாது. படுத்ததை உடனே பிரிச்சு வைங்க. கூட்டைக் கூட்டிச் சுத்தம் பண்ணுங்க. இறகுத் தூசியிலதான் இந்த நோய் பரவுது. இப்போதைக்குப் புதுக் குஞ்சு வாங்காதீங்க. ஒண்ணையும் சந்தைக்கு அனுப்பாதீங்க."

மாரெக் என்பது ஒரு மனிதரின் பெயர். அவர் ஹங்கேரி நாட்டுக் கால்நடை மருத்துவர். 1907இல் இந்த நோயைப் பற்றி எழுதினார். இது நரம்பைத் தாக்கும் நோய். பெரும்பாலும் ஒன்றரை மாதம் முதல் ஆறு மாதம் வரை உள்ள கோழிக்கு வரும்.

இன்னொரு நோய் வெள்ளைக் கழிச்சல். கேரளத்தில் இதைக் கோழி வசந்தை என்பார்கள். இராணிக்கெட் நோய் என்றும் பெயர் உண்டு. இராணிக்கெட் வடக்கே இமயமலைப் பக்கம் உள்ள ஊர். 1920களின் கடைசியில் இந்தியாவில் இந்த நோய் அங்கே கண்டறியப்பட்டது. கோழி மூச்சுத் திணறும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். கழுத்து திருகும். கால் விழுந்து விடும். சில நாளில் ஊர்க் கோழி எல்லாம் சாகும்.

இதற்கும் வந்த பிறகு மருந்து இல்லை. தடுப்பு மருந்து உண்டு. குஞ்சுக்கு 5 முதல் 7 நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடுவார்கள். சுமார் 8 வாரத்தில் ஊசி போடுவார்கள். பிறகு எப்போது என்று மருத்துவர் சொல்வார். இந்த மருந்தை ஐஸில் வைத்துக் கொண்டு வர வேண்டும். கலக்கியதைச் சீக்கிரம் பயன்படுத்தி விட வேண்டும். நல்ல கோழிக்கு மட்டுமே போட வேண்டும். அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரே நாளில் போட்டால் மருந்து வீணாகாது. ஊர் முழுவதும் காப்பு கிடைக்கும்.

குஞ்சு வாங்கும்போது தடுப்பூசி போட்டதா என்று கேளுங்கள். பாலக்காட்டில் மலம்புழாவில் அரசுக் கோழிப் பண்ணை உள்ளது. திருச்சூர் அருகே மண்ணுத்தியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வீட்டில் வளர்க்க ஏற்ற கிராமலட்சுமி என்ற கோழி மண்ணுத்தியில் உருவானது.

ஒரே நேரத்தில் பல கோழிகளோ வாத்துகளோ திடீரென்று செத்தால் தொடக் கூடாது. பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். 2014இல் ஆலப்புழைப் பக்கம் வாத்துகளுக்கு இது வந்தது. அதற்குப் பிறகும் கேரளத்தில் சில முறை வந்தது. உடனே மிருகாசுபத்திரிக்குச் சொல்ல வேண்டும். 1962 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். அது கால்நடை உதவிக்கான இலவச எண்.

செய்யக் கூடாதவை

மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில் தடவக் கூடாது. தோல் வெந்து விடும்.

சூடு வைக்கக் கூடாது. வலிதான் கூடும்.

மனிதர் தின்னும் வலி மாத்திரை கொடுக்கக் கூடாது. மனிதரின் எடை 50, 60 கிலோ. கோழியின் எடை ஒன்றரை கிலோ. மேலும் பறவையின் உடம்பு வேறு. டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தை முன்பு மாடுகளுக்குக் கொடுத்தார்கள். அந்த மாடு செத்த பிறகு பிணந்தின்னிக் கழுகுகள் தின்றன. அவற்றின் சிறுநீரகம் கெட்டது. கூட்டம் கூட்டமாக மடிந்தன. அதனால் 2006இல் இந்திய அரசு அந்த மருந்தைக் கால்நடைக்குக் கொடுப்பதைத் தடை செய்தது.

மருத்துவர் மருந்து கொடுத்தால், எத்தனை நாள் முட்டை தின்னக் கூடாது என்று அவரிடமே கேளுங்கள்.

குணமாகாவிட்டால்

எல்லாக் கோழியும் பிழைக்காது. இரண்டு காலும் விழுந்து, தீனியும் தின்னாமல், நாளுக்கு நாள் மெலிந்தால் வலியோடு வைத்திருப்பது நல்லது இல்லை. மருத்துவரிடம் கேட்டு வலி இல்லாமல் முடித்து விடலாம்.

நோய்க் கோழியைத் தின்னக் கூடாது. விற்கவும் கூடாது. சந்தையில் விற்ற ஒரு நோய்க் கோழி பத்து வீட்டுக்கு நோயைக் கொண்டு போகும். அந்தப் பத்து வீட்டிலும் முட்டைக் காசை நம்பி ஒரு பெண் இருப்பாள்.

செத்த கோழியை ஆற்றிலோ வாய்க்காலிலோ எறியக் கூடாது. மூன்று அடி ஆழம் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

ஒரு கால் சற்று வளைந்தே நின்று விட்டால் கவலை வேண்டாம். அது மேயும். முட்டை இடும். உயரத்தில் ஏற முடியாது. அதற்குத் தரையோடு ஒரு படுக்கை போட்டுக் கொடுங்கள்.

நோட்டில் எழுதுங்கள்

எழுதப் படித்தவர்களுக்கு இது ஒரு நல்ல பயிற்சி. ஒரு பழைய நோட்டு போதும்.

நாள்: ______

எந்தக் கோழி: ______

எந்தக் கால்: வலது / இடது

என்ன பார்த்தீர்கள்: ______

என்ன செய்தீர்கள்: ______

அடுத்த நாள் எப்படி இருந்தது: ______

தடுப்பு மருந்து போட்ட நாளையும் எழுதி வையுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நாளாக?" என்பதுதான். நோட்டு இருந்தால் பதில் தயாராக இருக்கும்.

நினைவில் வையுங்கள்

கோழி நொண்டினால் முதலில் காலைப் பாருங்கள்.

காலில் காயம் இருந்தால் கழுவுங்கள். மருந்து போடுங்கள். ஓய்வு கொடுங்கள்.

காயம் இல்லாமல் கால் விழுந்தால் பிரித்து வையுங்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தடுப்பு மருந்தை மறக்காதீர்கள்.

நோய்க் கோழியை விற்காதீர்கள்.

கேள்விகள்

1. கோழியின் உடம்புப் பாரம் காலில் எங்கே விழுகிறது?

2. பாட்டி கோழியின் விரலில் எதைக் கண்டார்? அது எங்கிருந்து வந்திருக்கும்?

3. உள்ளங்கால் புண்ணை ஏன் பிதுக்கக் கூடாது?

4. கொழிஞ்சாம்பாறைப் பெண் ஏன் கோழியைப் பஸ்ஸில் கொண்டு போகவில்லை?

5. உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் கோழி இருக்கிறது? எல்லாரும் ஒரே நாளில் தடுப்பு மருந்து போட என்ன செய்யலாம்? கூடிப் பேசி எழுதுங்கள்.